தலைச்சுமையாக ஏறிய வீடு

கொல்லிமலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று எண்ணிவிடாதீர்கள். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாகின்றன. மொத்தம் 70 வளைவுகள்! முதல் பத்து வரைக்கும் இயற்கைக் காட்சியை ரசிக்கலாம். இருபதாவது வளைவில் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும். பக்கத்து ஆசனத்து அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து, ஒன்றைத் தாம் முகர்ந்துகொண்டு மற்றொன்றை என் கையில் திணித்தார்.

"வெச்சுக்குங்க கண்ணு. நாப்பதுக்கு மேலதான் வயித்தைப் பெரட்டும்."

அந்த அம்மாள் சொன்னது ஒரு வளைவுகூடப் பிசகவில்லை.

எதிரே ஒரு லாரி அன்னாசிப்பழத்தை மலையாகக் குவித்துக்கொண்டு இறங்கி வந்தது. எங்களுக்கு முன்னால் இன்னொரு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. அதிலே சிமெண்டு மூட்டைகள், இரும்புக் கம்பி, கதவு நிலை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே கயிற்றால் கட்டப்பட்ட ஒரு மர பீரோ. யாரோ மலைமேல் வீடு கட்டுகிறார்கள் போலிருக்கிறது. அந்த பீரோ ஒவ்வொரு திருப்பத்திலும் இப்படியும் அப்படியுமாக ஆடியதைப் பார்த்துக்கொண்டே போனபோது, நான் எந்த வீட்டின் கதையை எண்ணி இந்த மலைக்குப் புறப்பட்டேனோ அந்த வீடு நினைவுக்கு வந்தது. அதுவும் இந்த மலைக்குக் கீழேயிருந்துதான் ஏறிப்போயிற்று. ஆனால் அன்று லாரி இல்லை, இந்த ரோடும் இல்லை. சேந்தமங்கலத்திலிருந்து காட்டு வழியாகச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் மனிதர்களின் தலைமேலும் தோள்மேலும் பலகை பலகையாக ஏறிய வீடு அது.

நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. வருஷம் 1913. வீட்டைக் கட்டியவர் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார்.

பாதிரியார் வீடு என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? நம் ஊர்ப் பக்கத்தில் மாதா கோயிலை அடுத்து, பெரிய காம்பவுண்டுச் சுவருக்குள் வேப்ப மரமும், அகலமான வராந்தாவும், பச்சை வர்ணம் அடித்த ஜன்னல்களுமாக நிற்குமே, அதுதானே? அதற்கும் ஒரு தாய்வீடு உண்டு. இங்கிலாந்திலும், அதை ஒட்டியுள்ள வேல்ஸ் நாட்டிலும், கிராமத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் குருவானவருக்கென்று ஒரு வீடு இருக்கும். வேல்ஸ் மலையும் மழையுமான தேசம். ஆகவே கனமான கற்சுவர், அந்த நாட்டு மலைகளிலேயே வெட்டியெடுத்த கறுப்புப் பலகைக் கல்லால் வேய்ந்த கூரை, குளிர் காய்வதற்குக் கணப்பு. 1777-ல் ஒரு சட்டம் செய்தார்கள். குருவானவர் தம் பதவியின் வருமானத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கி வீட்டைக் கட்டலாம், புதுப்பிக்கலாம் என்று. அதன் பிறகு அங்கே பல ஊர்களில் எடுப்பான வீடுகள் எழும்பின. நடுவிலே வாசல், இரு பக்கமும் ஒரே அளவில் ஜன்னல்கள், வாசலுக்கு அருகிலேயே குருவானவரின் படிப்பறை. கல்யாணம், கருமாதி என்று வருகிற ஊர் ஜனங்கள் அந்த அறையோடு பேசி முடித்துத் திரும்பிவிடலாம். வீட்டு அம்மாள் இருக்கும் உள்கட்டு வரை வரவேண்டியதில்லை.

பார்க்க லட்சணமான ஏற்பாடுதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு முள் இருந்தது. வீடு குருவானவருக்குச் சொந்தம் அல்ல, பதவிக்குச் சொந்தம். அவர் கண்ணை மூடினால் மனைவி மக்களோடு காலி செய்ய வேண்டியதுதான். அதோடு விட்டதா என்றால் இல்லை. வீடு பழுதாகியிருந்தால் அதைச் சரிபார்க்கும் செலவை, இறந்தவரின் சொத்திலிருந்து அடுத்து வருகிற குருவானவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பழைய சட்டம். புருஷனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியிடம், ஒழுகிய கூரைக்கும் உளுத்த ஜன்னலுக்கும் கணக்குப் பார்ப்பதென்றால் எப்படி இருக்கும்! ரெயில்வே குவார்ட்டர்ஸிலும் மில் குவார்ட்டர்ஸிலும் முப்பது வருஷம் வாசலில் கோலம் போட்டுவிட்டு, கணவர் ரிடையர் ஆன மறுமாதமே சாமான்களை வண்டியில் ஏற்றிய சகோதரிகளுக்கு இது நன்றாகவே புரியும்.

வேல்ஸ் நாட்டின் புகழ்பெற்ற கவி ஆர். எஸ். தாமஸ் ஒரு குருவானவர். 1978-ல் அபர்தாரன் என்ற கடலோர ஊரில் ஓய்வு பெற்றபோது அவரும் வீட்டைக் காலி செய்தவர்தான். அக்கம்பக்கத்துச் சகோதரிகள் மூவர் உதவியால் கிடைத்த ஒரு பழங்காலக் கற்குடிலில் மனைவியோடு குடியேறினார். குளிரும் ஈரமும் நிறைந்த இடம். மனைவி எல்சி ஒரு சித்திரக்காரர். ஒரு சித்திரக்காரியைப் பற்றி இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கொல்லிமலை வீட்டுக்கு வந்த மணப்பெண்ணும் தூரிகை பிடித்தவர்தான்.

* * *

ஈவ்லின் ஹாரிஸ் 1879-ல் பிறந்தவர். லண்டனில் செயின்ட் ஜான்ஸ் உட் என்ற செல்வர்கள் வாழும் பகுதியில், குறைவில்லாத குடும்பம். சித்திரம் பயின்றவர், நேர்த்தியாக உடுத்தப் பிரியப்பட்டவர். முப்பது வயதுக்கு மேல், "நான் இந்தியாவுக்குப் போய் ஊழியம் செய்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய சபையின் மூலமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஜெஸ்ஸி பிராண்ட் அதே சபையில் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார். சேந்தமங்கலத்தில் நின்றால் மேற்கு வானம் எப்படியோ, கிழக்கே எழுந்து நிற்கிற கொல்லிமலை கண்ணை விட்டு அகலாது. அதன் மேலே உள்ள ஊர்களில் வைத்தியம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. கீழேயிருந்து போகிறவர்களோ மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி ராத்தங்குவதே இல்லை. ஜெஸ்ஸி அங்கேதான் குடியிருக்கப்போவதாகச் சொன்னார். ஈவ்லினும் அதையே சொன்னார். 1913-ல் கல்யாணம். மணமகளுக்கு வயது முப்பத்து நான்கு, மாப்பிள்ளை இளையவர். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

மலையாளி என்று அழைக்கப்படும் கொல்லிமலைப் பழங்குடி மக்கள் வீடு கட்டும் முறையே வேறு. (கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.) மூங்கில், மண், புல், காட்டு மரம் — எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பவை. புல் கூரை பழசானால் மாற்றிவிடலாம். சுவர் கரைந்தால் பூசிவிடலாம். கரையான் தின்றால் தின்றுவிட்டுப் போகிறது, வேறு மூங்கில் வெட்டலாம். அந்த மலைக்கு அது பொருத்தமான வீடு.

ஜெஸ்ஸிக்கு வேண்டியது பலகை வீடு. அதற்கு மரத்தை அளந்து, அறுத்து, இழைத்துத் தயார் செய்ய வேண்டும். தயாரானதை மேலே கொண்டுபோக வேண்டும். அவருக்குக் கட்டட வேலை தெரியும். சேந்தமங்கலத்தில் மரங்களைத் தயார் செய்தார். ஒவ்வொன்றும் ஆளால் சுமக்கக்கூடிய அளவு, ஒவ்வொன்றும் மேலே போனால் மற்றொன்றோடு பொருந்த வேண்டும். ஒரு துண்டு குறைந்தால் கடைக்குப் போய் வாங்கி வர முடியாது, ஒரு மலை இறங்கி ஏற வேண்டும். வீடு மாற்றும்போது கட்டிலைக் கழற்றிவிட்டு, புது வீட்டில் ஒரு ஆணியைக் காணாமல் தவித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அந்தத் தவிப்பைப் பத்து மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. வீட்டைக் கட்டியவர் என்று ஜெஸ்ஸியின் பெயரைச் சொல்கிறோம். கழுத்து நரம்பு புடைக்க ஏற்றியவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேலே, வாழவந்தி என்ற இடத்தில், வீடு நின்றது. நின்றது என்று சொல்வது சரிதான். ஏனென்றால் அதற்குக் கால்கள் இருந்தன!

தரையிலே வைத்தால் மரவீடு கரையானுக்கு விருந்து. அது வெளிச்சத்தையும் காற்றையும் விரும்பாத பிராணி. மண்ணுக்கடியில் ஈரத்தில் குடியிருந்துகொண்டு, சுவரோரமாக மண்ணாலேயே ஒரு குழாய் கட்டி, அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே ஏறி மரத்துக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் வர்ணம் அடித்த பலகை பளபளவென்று இருக்கும். விரலால் தட்டினால் உள்ளே பொத்தல். கல்யாணப் பட்டுப்புடவை வைத்த பெட்டியைத் திறந்து பார்த்து அலறியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஜெஸ்ஸி தம் வீட்டைக் கற்தூண்களின் மேலே தூக்கி வைத்தார். ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஓர் உலோகத் தட்டு. அந்தத் தட்டுகளின் மேலேதான் வீட்டின் அடி உத்தரங்கள். கரையான் கல்லைக் கடிக்காது, கல்லின் மேலே குழாய் கட்டி ஏறும். ஏறி வந்தால் தட்டின் விளிம்பு குடைபோலக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். அந்த விளிம்பைச் சுற்றித் தலைகீழாகக் குழாய் கட்டுவது கரையானுக்குப் பெரும்பாடு. அப்படியும் கட்டினால் வெளிப்படையாகத் தெரிந்துவிடும், துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டினால் போதும். பாட்டி வீட்டுச் சமையலறையில் பலகார அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி எறும்பை ஏமாற்றுவார்களே, அந்த யுக்திதான். வீட்டுக்கே கிண்ணம் வைத்துவிட்டார் மனுஷர். தரைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று ஓடுவதால் மழைக்காலத்து ஈரமும் பலகையில் தங்காது.

இந்த யுக்தி ஜெஸ்ஸி கண்டுபிடித்ததல்ல, வெப்ப நாடுகளில் பல இடங்களில் செய்வதுதான். ஆனால் வேல்ஸ் நாட்டுக் குருவானவர் வீடு பூமிக்குள் வேர் விட்டதுபோல உட்கார்ந்திருக்கிறதே, அதற்கும் இதற்கும் எத்தனை வித்தியாசம் பாருங்கள். எனக்கு இந்த வீட்டைத்தான் அதிகம் பிடிக்கிறது. மலையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, நுனிக்காலில் நிற்பதுபோல நின்ற வீடு.

* * *

அந்த வீட்டில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. படிப்பறை ஒன்று, உள்கட்டு ஒன்று என்று பிரித்து வைக்கவும் வழியில்லை. ஜெஸ்ஸி லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓரளவு வைத்தியம் கற்றிருந்தார். காய்ச்சல், புண், பல்வலி, நரம்புச் சிலந்தி என்று மலை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் வாசலே ஆஸ்பத்திரி. 1918-ல் உலகத்தையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா ஜுரம் பிறகு இந்த மலைக்கும் ஏறியபோது, தம்பதிகள் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊட்டினார்கள்.

1914 ஜூலையில் மகன் பால் பிறந்தான். அதற்குப் பின் மகள் கானி. ஈவ்லின் அம்மாள்தான் பள்ளிக்கூடம். ஆனால் பால் நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கு வராது. மரத்தின் மேல் உட்கார்ந்தால் வரும்! ஆகவே பையன் கிளையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டு, நோட்டுப் புத்தகத்தைக் கீழே போடுவான். அம்மாள் மரத்தடியில் நின்று திருத்துவார். இப்படிப்பட்ட தாயார் எத்தனை பேருக்கு வாய்ப்பார்கள்? எனக்கு வாய்த்த கணக்கு வாத்தியாரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன்.

அந்த வாசலில் நடந்த ஒரு சம்பவத்தைப் பால் பெரியவரான பிறகு எழுதியிருக்கிறார். ஒரு நாள் முன்பின் தெரியாத மூன்று பேர் வந்தார்கள். வழக்கமாக நோயாளிகள் நெருங்கி வருவார்கள். இவர்கள் எட்டவே நின்றார்கள். தகப்பனார் முகம் மாறியது. குழந்தைகளை உள்ளே அழைத்துப்போய் வெளியே விடாதே என்று மனைவியிடம் சொன்னார். பையன் கேட்பானா? ஒளிந்திருந்து பார்த்தான். அப்பா கையுறை மாட்டிக்கொண்டார். அது அவர் வழக்கமே அல்ல. மண்டியிட்டு அவர்களுடைய கால் புண்களைக் கழுவி, மருந்திட்டு, கட்டுப் போட்டார். அம்மாள் ஒரு கூடையில் பழங்கள் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். பையன் அதை எடுக்க ஓடியபோது, "தொடாதே!" என்று தாயார் கத்திவிட்டார். தகப்பனார் அந்தக் கூடையை எரித்தார். அவர்கள் நின்ற இடத்தில் விளையாடக் கூடாது என்று குழந்தைகளுக்கு உத்தரவாயிற்று.

வந்தவர்களுக்குக் குஷ்டரோகம்.

கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. பயந்துகொண்டேதான் அந்தத் தம்பதிகள் புண்ணைக் கழுவினார்கள், பயந்துகொண்டேதான் பழம் கொடுத்தார்கள். அன்று அந்த வியாதிக்கு நிச்சயமான மருந்து கிடையாது. எப்படித் தொற்றுகிறது என்பதும் சரிவரத் தெரியாது. (இன்று கூட்டு மருந்து சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிறது, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருகிறார்கள். பெரும்பாலோருக்கு உடம்பிலேயே அதை எதிர்க்கும் சக்தியும் உண்டு.) பூச்சியை உள்ளே விடாமல் கோடு கிழித்த வீடு, அன்று மூன்று மனிதர்களுக்கும் ஒரு கோடு கிழித்தது. அந்தக் கோட்டுக்கு இப்பால் ஒளிந்து நின்று பார்த்த பையன் அதை மறக்கவில்லை.

* * *

1923-ல் குழந்தைகளைப் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு, தம்பதிகள் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு ஒன்பது வயது. அதன்பின் தகப்பனாரை அவன் பார்க்கவே இல்லை.

1929 ஜூனில் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. கருநீர்க் காய்ச்சல் என்று சொல்வார்கள். மலேரியா முற்றி, ரத்தம் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய ஜுரம். சில நாட்களில் உயிர் போய்விட்டது. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று 1897-லேயே நம் சிக்கந்திராபாத்தில் வைத்து ரொனால்ட் ராஸ் கண்டு சொல்லியாகிவிட்டது. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, தப்பிப்பது வேறு. வீட்டிலே கடித்ததோ, ஊர் ஊராக அலைந்தபோது கடித்ததோ. கரையான் ஏற முடியாத தூண்கள் கொசுவை என்ன செய்யும்? லண்டனில் இருந்த பாலுக்குத் தந்தி வந்தது. பதினான்கு வயது. தந்தி வந்த பிறகு, கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்த அப்பாவின் கடைசிக் கடிதமும் வந்து சேர்ந்தது.

வேல்ஸ் நாட்டு விதவைகளைப் பற்றி மேலே சொன்னேனே, இனி ஈவ்லின் அம்மாளின் முறை. கூரைக்கும் ஜன்னலுக்கும் யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் மலை வீடு அவருக்குச் சொந்தமும் அல்ல. எங்கே வேலை செய்வது என்பது மிஷனின் தீர்மானம். அதற்குப் பின் வந்த வருஷங்களில் பெரும்பாலும் அவருக்குச் சமவெளியில்தான் வேலை. பதினாறு வருஷம் விளக்கேற்றிய வீடு மேலே, இவர் கீழே. மலை மாத்திரம் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

பாலோ டாக்டருக்குப் படிக்க மறுத்துவிட்டார். சீழும் ரத்தமும் சிறு வயதிலேயே கண்டு வெறுத்துப்போன பிள்ளை. அப்பாவைப் போலக் கட்டட வேலை கற்றுக்கொண்டு மிஷனுக்குப் போகிறேன் என்று சொல்லி, தச்சு, கொத்து எல்லாம் முறைப்படி நாலைந்து வருஷம் பழகினார். பிறகு அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் சிறிது காலம் வைத்தியம் கற்றபோதுதான் மனம் திரும்பியது. லண்டனில் டாக்டர் பட்டம் பெற்று, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மனைவி மார்கரெட்டும் டாக்டர். பின்னால் கண் வைத்தியத்தில் பெயர் பெற்றவர்.

வேலூரில் அவர் கண்ணில் பட்டது கைகள். குஷ்டரோகத்தால் விரல்கள் மடங்கி, இறுகி, கொக்கிபோல ஆகிவிட்ட கைகள். சதை அழுகி விழுகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். அப்படியல்ல, நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால், சுட்டும் வெட்டியும் கவனியாமல் விட்டும் விரல்கள் வீணாகின்றன என்று பால் பிராண்ட் கண்டறிந்து நிரூபித்தார். மடங்கிய கையில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் ஒரு தசைநாரைப் பிரித்து, இடம் மாற்றி, விரல்களோடு இணைத்தால் கை மறுபடியும் திறக்கும், மூடும். இது தச்சன் மூளையா, டாக்டர் மூளையா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பாரத்தை எந்தக் கால் தாங்கும், எந்த இணைப்பு எங்கே பொருந்தும் என்ற யோசனை அந்தக் கொல்லிமலை வீட்டிலேயே பிள்ளைக்கு ஊறிவிட்டதோ என்னவோ.

கை சரியானவர்கள் உடனே ஊருக்குப் போனால் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? ஆகவே வேலூரில் அவர்களுக்கென்று ஒரு சிறு குடியிருப்பு எழுந்தது. சுண்ணாம்படித்த மண்சுவர்க் குடிசைகள். அங்கே தச்சு வேலை சொல்லித்தந்தார், தாமே இழைப்புளி பிடித்து. அங்கேதான் ஒரு விபரீதம் தெரிந்தது. இரவில் நல்ல விரலோடு படுத்தவருக்குக் காலையில் விரல் நுனியைக் காணோம்! விழித்திருந்து பார்த்தார்கள். எலி! மரத்துப்போன விரலைக் கடித்தால் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. அன்றிலிருந்து, ஊருக்குத் திரும்பும் ஒவ்வொருவருக்கும் மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்! பெரிய பெரிய ஆராய்ச்சிகளுக்காக 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது பெற்றவர் அவர். எனக்கென்னவோ அந்தப் பூனைக்குட்டிகளுக்காகவே இன்னொரு விருது கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால், புகழ்பெற்ற பிள்ளையின் தாயார் என்று ஈவ்லின் அம்மாளைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த அம்மாள் முடிய விடவில்லை.

1940-களின் பிற்பகுதி. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, இன்னொரு தவணை ஊழியத்துக்கு அனுப்புவதற்கில்லை என்று மிஷன் சொல்லிவிட்டது. மிஷனைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வயதில் நம் வீட்டுப் பாட்டியை மாடிப்படி ஏற விடுவோமா? "ஒரே ஒரு வருஷம் கொடுங்கள், அதன் பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று மன்றாடினார். சரி என்றார்கள். வருஷம் முடிந்தது. சக ஊழியர்கள் வழியனுப்ப வந்தபோது அம்மாள் விஷயத்தை வெளியிட்டார். மிஷன் வேலையை விட்டுவிட்டேன்; ஆனால் ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன்! யாருடைய அனுமதியும் வேண்டாத, யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு சிறு வீட்டை மலைமேல் தமக்கென்று போட்டுக்கொண்டார்.

பதவியோடு வந்த வீடு அல்ல. கணவரோடு வந்ததும் அல்ல. அறுபது வயது கடந்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்முடையது என்று ஒரு கூரை. லண்டனில் வேலைக்காரர்கள் நிறைந்த மாளிகையில் பிறந்த பெண்ணுக்கு அது போதுமாயிருந்தது.

அதற்குப் பின் இருபது வருஷத்துக்கு மேல்! கொல்லிமலை, பச்சைமலை, கல்ராயன், சித்தேரி என்று மலைத்தொடர் மலைத்தொடராக மட்டக் குதிரையில் போய்க்கொண்டே இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. கால்கள் தளர்ந்தன. இரண்டு கைகளிலும் கோல் ஊன்றிக்கொண்டு நடந்தார். "கிரானி பிராண்ட்" என்று பெயராகிவிட்டது. கிரானி என்றால் பாட்டிதான். கீழே வந்து எங்களோடு இருங்கள் என்று டாக்டர் மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தாயாரிடம் நடக்கவில்லை.

அந்த வீட்டின் அமைப்பைப் பற்றி ஒரே ஒரு தகவலைச் சொல்லிவிடுகிறேன், சகோதரிகள் காது கொடுத்துக் கேளுங்கள். கடைசி இருபது வருஷம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது! இதை மகனே எழுதியிருக்கிறார். இளமையில் அழகாக உடுத்தப் பிரியப்பட்டு, நிறங்களைக் குழைத்துச் சித்திரம் எழுதிய பெண்மணி, தம் முகத்தில் சுருக்கம் விழுவதைப் பார்க்காமலே எண்பதையும் தொண்ணூறையும் கடந்துவிட்டார். நான் இதைப் படித்த அன்று காலையில் கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதைச் சொல்லப்போவதில்லை.

1974 டிசம்பரில் அவர் காலமானார். வயது தொண்ணூற்றைந்து. கொல்லிமலையில், நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் நடந்தது. தமக்குப் பெட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். பலகையோ ஆணியோ இல்லாமல், சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, மலை மண்ணிலே படுக்க வைத்தார்கள்.